முன்னூறு லாரி

மாதம் முன்னூறு லாரி.
வண்டியல்ல; எங்கள் ஊர்ப் பணத்துக்கு அந்தப் பெயர்.
விளம்பரத்துக்கு அதற்கு மேல் ஒரு காசு கிடையாது என்று
சாவி வெட்டும் இயந்திரத்தை நிறுத்தாமலே
சொன்னான் நுக்ஸார்.

பத்துமியில் மழை ஓய்ந்தால்தான் செய்தி.
கருங்கடல் சில நாள் தெருவரை வந்து
எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
கடையில் நாங்கள் இருவர்:
பூட்டு அவன், கணக்கு நான்.

முதல் மாதம் பேஸ்புக்.
துருவேறிய பூட்டொன்றை
நாற்பது நொடியில் அவன் திறக்கும் வீடியோ.
பதினோராயிரம் பேர் பார்த்தார்கள்.
கனடாவிலிருந்து ஒருவர்
'என்ன அழகான கைகள்' என்று எழுதினார்.
கதவைத் திறக்க வா என்று
ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.
கடலில் கரைத்த பெருங்காயம்,
அதுவும் வாசலிலேயே கடல் இருக்கும் ஊரில்.

இன்ஸ்டாகிராமில் ஆயிரம் பேர்
பின்தொடர்ந்தால் போதும் என்றாள் லிகா.
என்னை ஒருவன் பின்தொடர்ந்தால்
நான் பூட்டை அல்லவா மாற்றுவேன்.

மின்னஞ்சல்?
ஒருமுறை வந்தவர் மறுபடி வராதிருப்பதே
எங்கள் வேலையின் தரம்.
அவருக்கு மாதாமாதம் எழுதி என்ன கேட்பது,
இந்த மாதமும் சாவியைத் தொலைத்தீர்களா என்றா?

மிஞ்சியது தேடல்.
ஒரு சொடுக்குக்கு ஒன்றேகால் லாரி.
தேடுகிறவர் எட்டாவது மாடியில் நிற்கிறார்,
காலில் வீட்டுச் செருப்பு, கையில் காலிக் குப்பை வாளி,
போனில் நான்கு சதவீதம் உயிர்.
காற்று சாத்திய கதவுக்குப் பின்னால்
பீன்ஸ் அடிப்பிடிக்கும் வாசனை.
எங்கள் கைகளின் அழகு அவருக்கு எதற்கு?
எண் வேண்டும். எடுக்கிற ஆள் வேண்டும்.

எடுத்தோம்.
கடன் கொஞ்சம் அடைந்தது.

மாதக் கடைசியில் ஓர் அறிக்கை வரும்,
என்னென்ன சொல்லித் தேடி
எங்களிடம் வந்தார்கள் என்று.
காபியோடு உட்கார்ந்தேன்.

பூட்டுக்காரர் பக்கத்தில்
சாவி உள்ளே நான் வெளியே
ஹேர்பின்னால் பூட்டுத் திறப்பது எப்படி
பூட்டு மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் அவர் ஏழு மணிக்கு வருவார்

கடைசி வரி: செவ்வாய்க்கிழமை.
சொடுக்கு ஒன்று.
அழைப்பு பூஜ்யம்.

உரக்கப் படித்தேன்.
இப்போது இயந்திரம் நின்றது.

அன்றைக்கு நம் விளம்பரத்தில் என்ன இருந்தது, மக்வாலா?

'நேரில் பார்த்து விலை சொல்வோம்.'

அவன் துணியில் கை துடைத்தான்,
அழுக்கே இல்லாத கையை,
வெகுநேரம்.

முப்பது எழுத்துக்குள் அடங்க வேண்டும் தலைப்பு.
'இருபது நிமிடம், அறுபது லாரி' என்று தட்டினேன்.
கீழ்வரியில்: 'கேள்வி கேட்க மாட்டோம்.'
அதை அழி என்றான்.
ஏன்?
எட்டு மணிக்கு அவனும் கூப்பிடுவான்.
வெளியே நின்றுகொண்டு,
இது என் வீடு, கதவைத் திற என்பான்.
அப்போது நான் கேள்வி கேட்க வேண்டும்.

இதற்கு எந்த இடத்தில் விளம்பரம் போட்டாலும்
விடை கிடைக்காது.
அந்த வரியை அழித்தேன். விலையை விட்டேன், நேரத்தை விட்டேன்.
பேஸ்புக்கில் மிச்சமிருந்த நாற்பதையும் இழுத்துவந்து
மாலை நான்கிலிருந்து ஏழு வரைக்கும்
ஏலத்தொகையை இரட்டிப்பாக்கினேன்.
அந்நேரம் யாரும் அதிகமாகச் சாவி தொலைப்பதில்லை.
கணக்குப்படி இது நஷ்டம்.
கணக்கு எழுதுவது நான்தானே.

நான்கு மணி ஆனதும் நுக்ஸார்
வேனைச் சாலை பார்க்கத் திருப்பி நிறுத்துகிறான்.
பழைய கட்டடங்களில் லிப்ட் காசு கேட்கும்,
இருபது தெத்ரி நாணயங்கள் சிலதை
சட்டைப்பையில் தனியாகப் போட்டுக்கொள்கிறான்.

போன் மேசையில்.
திரை மேலே பார்க்க.